பலன் பட்டியலும் உடற்கூறும்

யோகாசனப் புத்தகங்களில் ஒவ்வோர் ஆசனத்தின் செய்முறைக்குக் கீழும் ‘பலன்கள்’ என்று ஒரு பகுதி இருக்கும். சர்வாங்காசனம் தைராய்டு சுரப்பியைத் தூண்டும். அர்த்த மத்ஸ்யேந்திராசனம் கல்லீரலையும் சிறுநீரகங்களையும் பிழிந்து நச்சுகளை வெளியேற்றும். சிரசாசனம் மூளைக்கு ரத்தத்தைப் பாய்ச்சி நினைவாற்றலைப் பெருக்கும். புஜங்காசனம் அட்ரினல் சுரப்பிகளுக்கு உயிரூட்டும். பிராணாயாமம் ரத்தத்தை ஆக்சிஜனால் நிரப்பும். விடாமுயற்சி இருந்தால் எவரும் பத்மாசனத்தில் அமரலாம். இந்த வாசகங்கள் பெரிய மாற்றமில்லாமல் நூலுக்கு நூல் கைமாறி வருகின்றன. எல்லாமே உறுப்புகளைப் பெயர் சொல்லி அழைக்கின்றன. அப்படி அழைத்த பிறகு, அந்த உறுப்பு உடலில் எங்கே இருக்கிறது, எதனால் இயங்குகிறது, எதற்கு மசியும், எதற்கு மசியாது என்ற கேள்விகளைத் தவிர்க்க முடியாது. அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால் பட்டியலில் பெரும்பகுதி நிற்பதில்லை. ஆசனங்களால் பயன் இல்லை என்பது இதற்குப் பொருளாகாது. பயன் வேறிடத்தில் இருக்கிறது: மூட்டுகளில், தசைகளில், மூச்சின் வேகத்தில், ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் நரம்பு ஏற்பாட்டில். சுரப்பியையும் கல்லீரலையும் சுட்டும் விளக்கம் அந்த உண்மையான பயனை மறைக்கிறது. உண்மையான ஆபத்தையும் சேர்த்தே மறைக்கிறது என்பதுதான் என் வாதம்.

இந்த விளக்கங்கள் மிகத் தொன்மையானவை என்று பலர் நம்புகிறார்கள். மூல நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் தொகுத்த ஹடயோகப் பிரதீபிகை, தலைகீழ் நிலையான விபரீதகரணிக்குத் தரும் காரணமே வேறு. அண்ணத்துக்கு மேலே இருக்கும் சந்திரனிலிருந்து வடியும் அமுதத்தை நாபியில் இருக்கும் சூரியன் எரித்துவிடுகிறது. அதனால் உடல் மூப்படைகிறது. தலைகீழாக நின்றால் அமுதம் காக்கப்படும். அந்தத் தர்க்கத்தில் சுரப்பிக்கும் ரத்த ஓட்டத்துக்கும் வேலையே இல்லை. சுரப்பிகள் யோகத்துக்குள் வந்தது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். 1914இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1921இல் டொரன்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது. இளமையும் மனநிலையும் சுரப்பிகளின் கையில் இருக்கின்றன என்ற உற்சாகம் உலகெங்கும் பரவிய காலம் அது. அந்தச் சூழலில்தான் சுவாமி குவலயானந்தர் 1924இல் லோனாவாலாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கினார். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவப் பணி செய்து, ரிஷிகேசத்தில் துறவியாக வாழ்ந்த சுவாமி சிவானந்தர், எளிய நூல்கள் வழியே ஆசனங்களை வீடுகளுக்குள் கொண்டு சென்றார். சர்வாங்காசனத்துக்கும் தைராய்டுக்கும் முடிச்சுப் போட்டவர்களில் இருவருமே உண்டு. பி.கே.எஸ். ஐயங்காரின் ‘லைட் ஆன் யோகா’ 1966இல் அதே மொழியை உலகத்துக்கு எடுத்துச் சென்றது. ஆக, இன்று மரபு என்று நாம் கருதும் விளக்கத்துக்கு ஏறக்குறைய நூறு வயதுதான். அக்காலத்தின் புதிய அறிவியலை அவர்கள் நாடியதில் தவறில்லை. அறிவியல் அதற்குப் பிறகு நெடுந்தூரம் வந்துவிட்டது. பட்டியல்தான் 1920களிலேயே நிற்கிறது.

குவலயானந்தரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்வந்தவர்கள் அவரிடமிருந்து முடிவுகளை எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டார்கள். வஸ்தி என்ற கிரியையில் தண்ணீர் எப்படிக் குடலுக்குள் ஏறுகிறது என்பது அன்றைக்கு விளங்காத புதிராக இருந்தது. வயிற்றுத் தசைகளைச் சுழற்றும் நௌலியைச் செய்யும்போது பெருங்குடலுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அவர் கருவி வைத்து அளந்தார். வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அது குறைவாக இருந்தது. அந்த வெற்றிடமே தண்ணீரை உறிஞ்சுகிறது என்று காட்டி, அதற்குத் தம் குரு மாதவதாசரின் பெயரை வைத்தார். மூச்சை முழுவதும் வெளியேற்றிக் குரல்வளையை மூடிக்கொண்டு விலாக்கூட்டை விரித்தால், உள்ளே வரக் காற்று இல்லாததால் உதரவிதானம் மேலே இழுபடுகிறது. அதனால் வயிற்றறையின் அழுத்தம் இறங்குகிறது. இது உடற்கூறு முழுமையாக ஒப்புக்கொள்ளும் விளக்கம். பிராணாயாமத்தின் சிறப்பு கூடுதலாக ஆக்சிஜனை உள்ளிழுப்பதில் இல்லை என்று எழுதியவரும் அவரே. சுரப்பி பற்றிய அவருடைய கருத்துகள் காலாவதியாகியிருக்கலாம். ஆனால், அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது என்ற அவருடைய பிடிவாதம் இன்றைக்கும் தேவை.

தைராய்டிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் சர்வாங்காசனத்தை இதற்காகவே செய்கிறவர்கள் ஏராளம். கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயைத் தழுவிக்கொண்டு இருக்கும் சுமார் 20 கிராம் எடையுள்ள சுரப்பி அது. தோள்மேல் நின்று முகவாயை மார்பில் பதிக்கும்போது கழுத்தின் முன்பகுதி மடிவது உண்மை. அந்த அழுத்தம் சுரப்பியைப் ‘பிசைந்து’ ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது, அல்லது அங்கே கூடும் ரத்தம் அதற்கு ஊட்டம் தருகிறது என்பது வாதம். தைராய்டுக்கு ரத்தப் பற்றாக்குறை கிடையாது. எடைக்கு ஒப்பிட்டால் உடலிலேயே மிக அதிக ரத்தம் பெறும் உறுப்புகளில் அது ஒன்று. சுரப்பதா வேண்டாமா என்ற உத்தரவு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் வடிவில் வருகிறது. ரத்தத்தில் தைராக்சின் கூடினால் உத்தரவு தணியும், குறைந்தால் வலுக்கும். ஒருவேளை அழுத்தத்தால் ஹார்மோன் கொஞ்சம் கூடுதலாக வெளிவந்தது என்றே வைத்துக்கொண்டாலும், பிட்யூட்டரி உடனே உத்தரவைக் குறைத்துக் கணக்கை நேர்செய்துவிடும். மேலும், ரத்தத்தில் கலந்த தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இவ்வளவு மெதுவாக நகரும் ஓர் ஏற்பாட்டை ஐந்து நிமிடக் கழுத்து மடிப்பால் திருப்ப முடியாது. தைராய்டு குறைபாட்டின் காரணங்களையும் பார்க்க வேண்டும். உலக அளவில் முதன்மையானவை இரண்டு: அயோடின் பற்றாக்குறை, உடலின் தற்காப்பு அணுக்களே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். ஆசனத்தால் அயோடினைக் கொடுக்கவும் முடியாது, தற்காப்பு அணுக்களின் தாக்குதலை நிறுத்தவும் முடியாது. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சர்வாங்காசனத்தை நம்பி இருப்பவருக்கு நேரும் சோர்வும் எடையேற்றமும் கர்ப்ப காலச் சிக்கல்களும் பலன் பட்டியலின் விளைவுகள். அட்ரினல் சுரப்பிகளுக்கும் இதே பதில்தான். பிட்யூட்டரியின் உத்தரவுக்கும் நரம்பின் தூண்டலுக்கும் கட்டுப்படும் அவை, முதுகை வளைப்பதால் ‘தூண்டப்பட’ வழியில்லை.

அடுத்தது முறுக்கும் ஆசனங்கள். ஈரத்துணியைப் பிழிவதுபோல உறுப்புகள் பிழியப்படுகின்றன, விட்டவுடன் புது ரத்தம் பாய்கிறது என்ற உவமை வகுப்புகளில் அடிக்கடி கேட்பது. சிறுநீரகங்கள் வயிற்றறையின் பின்சுவரில், கொழுப்பு மெத்தைக்குள், கடைசி விலா எலும்புகளின் மறைவில் இருக்கின்றன. கல்லீரல் வலப்புற விலாக்கூட்டுக்குள் பதுங்கியிருக்கிறது. இரண்டுமே ஒவ்வொரு மூச்சுக்கும் உதரவிதானத்தோடு ஓரிரு சென்டிமீட்டர் இறங்கி ஏறுகின்றன; ‘பிசைதல்’ மருந்தென்றால் நாள் முழுவதும் அது நடந்துகொண்டே இருக்கிறது. சிறுநீரகங்கள் இரண்டுக்கும் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் வருகிறது. நாளொன்றுக்கு அவை வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும் இந்த அளவு பெரிதாக மாறாமல் காக்கும் ஏற்பாடு அவற்றுக்குள்ளேயே உண்டு. கழிவு நீங்குவது வடிகட்டியிலும் நொதிகளிலும் நடக்கும் வேதிவேலை. அழுத்தி வெளியேற்ற அங்கே கசடு தேங்கி நிற்பதில்லை. இன்னொரு புறம், முறுக்கு எங்கே நடக்கிறது என்று கேட்பது பயனுள்ளது. ‘இடுப்பிலிருந்து திரும்புங்கள்’ என்பது வழக்கமான கட்டளை. கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளும் பின்புறச் சிறு மூட்டுகளால் பக்கவாட்டில் பூட்டப்பட்டவை. ஒவ்வோர் இணைப்பும் திரும்பக்கூடியது ஓரிரு பாகை. எல்லாம் சேர்ந்தாலும் 10 பாகையை ஒட்டித்தான் வரும். மார்புப் பகுதி முதுகெலும்பு ஏறக்குறைய 30 முதல் 35 பாகை திரும்பும். கழுத்துத் திருப்பத்தில் பாதி முதலிரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே மட்டும் நடக்கிறது. இடுப்பெலும்பைத் தரையில் அசையாமல் பிடித்துக்கொண்டு கீழ்முதுகைத் திருகச் சொன்னால், திரும்பாத மூட்டைத் திருப்பச் சொல்கிறோம். இடுப்பெலும்பும் கொஞ்சம் சேர்ந்து திரும்பட்டும், முறுக்கு மார்பில் நடக்கட்டும் என்று சொல்லும் ஆசிரியர் உடலின் அமைப்போடு ஒத்துப்போகிறார். அப்போது கிடைக்கும் பலன் கல்லீரலுக்கு இல்லை. நாற்காலியில் உறைந்துபோன மார்புக்கூட்டுக்கும் விலாவிடைத் தசைகளுக்கும் கிடைக்கிறது. அது சின்னப் பலனும் இல்லை.

சிரசாசனத்தின் கணக்கு இன்னும் சுவையானது. தலைகீழாக நின்றால் மூளைக்கு ரத்தம் கூடும் என்பது பொதுப்புத்திக்கு மறுக்க முடியாத உண்மையாகத் தோன்றும். தலைக்குள் அழுத்தம் கூடுவது உண்மைதான். ஆனால் மூளை தனக்கு வரும் ரத்தத்தைத் தானே கட்டுப்படுத்துகிறது. சராசரித் தமனி அழுத்தம் சுமார் 60 முதல் 150 மில்லிமீட்டர் பாதரசம் வரை எங்கே இருந்தாலும், ரத்தக்குழாய்கள் சுருங்கியும் விரிந்தும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 750 மில்லிலிட்டர் என்ற ஓட்டத்தைக் காக்கின்றன. மண்டையோடு விரியாத பெட்டி என்பதால் இந்தக் கட்டுப்பாடு உயிர்நாடியானது. கண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள், சிரசாசனம் செய்யும் 75 பேரின் கண்ணழுத்தத்தை அளந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆசனத்தின்போது அது ஏறக்குறைய இரு மடங்கானது தெரிந்தது. பயிற்சியாளர்களிடையே கண் அழுத்த நோய் கூடுதலாகக் காணப்படவில்லை என்பதையும் சொல்வது நியாயம். ஆனால் ஏற்கெனவே க்ளாக்கோமா எனும் அந்தக் கண் அழுத்த நோய் இருப்பவருக்கு இந்த இரு மடங்கு சாதாரணச் செய்தி அல்ல. அந்த நோய் அறிகுறியில்லாமலே பார்வையைத் தின்பது. கழுத்தைப் பொறுத்தவரை, முழு எடையும் முன்கைகளில்தான் இருக்கிறது, தலை தரையைத் தொடுவதோடு சரி என்று கற்பிப்பது வழக்கம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஹெக்டர், ஜென்சன் இருவரும் தேர்ந்த பயிற்சியாளர்கள் 45 பேரை அழுத்தமானித் தட்டின்மேல் நிற்கவைத்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், தலைமேல் விழுந்த அதிகபட்ச விசை உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம். தேர்ந்தவர்களுக்கே இந்த நிலை. தலையை மட்டும் தாங்கப் பழகிய கழுத்து முள்ளெலும்புகளுக்கு இது பெரிய சுமை. கழுத்து எலும்புகளின் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் முதுகுத் தமனிகள் கழுத்தை மிகையாக வளைக்கும் ஆசனங்களில் காயமுறலாம் என்று ரிட்சி ரசல் 1972இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எச்சரித்தார். இது அரிது, அரிது என்பதால் சொல்லாமல் விடக்கூடியது இல்லை.

மூச்சுக்கு வருவோம். யோகத்தின் மிக வலுவான பகுதி இதுதான்; விளக்கம் மிக மோசமாக இருப்பதும் இங்கேதான். நலமாக இருப்பவரின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது. மேலும் நிரப்ப இடமே இல்லை. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சை இரைத்தால் மாறுவது கரியமில வாயுவின் அளவு. அது ரத்தத்திலிருந்து கழுவப்பட்டுவிடும். அது குறையும்போது மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ஒரு மில்லிமீட்டர் பாதரசம் குறைவுக்கு மூளைக்குச் செல்லும் ரத்தம் ஏறக்குறைய 3 சதவீதம் குறைகிறது. பஸ்திரிகா என்ற வேக மூச்சுப் பயிற்சிக்குப் பிறகு தலை லேசாகி விரல் நுனிகள் சிலிர்ப்பதைப் பிராணன் நிறைந்த அடையாளம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கும் நேரம் அது. மெதுவான மூச்சின் கதை வேறு. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லிலிட்டர் காற்று மூக்கிலும் மூச்சுக்குழாயிலுமே நின்று வீணாகிறது. அரை லிட்டர் வீதம் 12 மூச்சு விட்டால் காற்றறைகளைச் சேர்வது 4.2 லிட்டர், ஒரு லிட்டர் வீதம் 6 மூச்சு விட்டால் அதே மொத்தக் காற்றில் 5.1 லிட்டர் சேர்கிறது. குறைந்த உழைப்பில் கூடிய பயன். அதைவிட முக்கியமானது நரம்பு வழி நடப்பது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஜெபமாலைப் பிரார்த்தனையும் யோக மந்திரமும் ஓதியபோது 23 பேரின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகத் தணிந்தது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு இசைந்து, அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் கூர்மையடைந்தது. பிராணாயாமத்துக்குப் பின் வரும் அமைதிக்கு இது கண்ணால் பார்க்கக்கூடிய அடித்தளம். இதைச் சொல்லாமல் ஆக்சிஜனைச் சொல்வது, கையிலிருக்கும் நல்ல சான்றைக் கீழே போட்டுவிட்டு இல்லாத ஒன்றை ஏந்துவது.

விடாமுயற்சியால் எவருக்கும் எந்த ஆசனமும் வரும் என்ற நம்பிக்கை மூட்டுகளில்தான் முட்டி நிற்கிறது. நீட்சிப் பயிற்சியால் சில வாரங்களில் கூடும் வளைவுத்திறனில் பெரும்பகுதி தசை நீள்வதால் வருவதில்லை. இழுபடும் உணர்வை நரம்பு மண்டலம் கூடுதலாகத் தாங்கப் பழகுவதால் வருகிறது என்று வெப்ளர், மேக்னசன் இருவரும் 2010இல் எழுதிய மதிப்பாய்வு காட்டுகிறது. இது நல்ல செய்தி. பொறுமையாகச் செய்யும் எவருக்கும் ஓரளவு நெகிழ்வு வரும். ஆனால் தசை விட்டுக்கொடுத்த பிறகு எலும்பு எலும்பை முட்டும் இடம் ஒன்று உண்டு. அங்கே பயிற்சிக்கு வேலையில்லை. தொடை எலும்பின் கழுத்து முன்நோக்கித் திரும்பியிருக்கும் கோணம் பிறக்கும்போது 30 பாகைக்கு மேல் இருந்து, வளர்ந்தவர்களிடம் சராசரியாக 15 பாகைக்கு இறங்குகிறது. ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். கோணம் அதிகமாக உள்ளவருக்குத் தொடை உள்நோக்கி எளிதாகவும் வெளிநோக்கிக் கடினமாகவும் திரும்பும். பத்மாசனத்துக்கோ வெளிநோக்கிய திருப்பம்தான் உயிர். இடுப்பு மூட்டில் அது தீர்ந்துபோன பிறகும் பாதத்தைத் தொடைமேல் ஏற்ற இழுத்தால், மீதித் திருகல் முழங்காலுக்குப் போகிறது. முழங்கால் மடக்கி நீட்டப் பிறந்த மூட்டு. பக்கவாட்டு வளைவைத் தாங்காத அதன் உட்புறக் குருத்தெலும்பு வட்டு நசுங்குகிறது. இடுப்பில் இழுக்கும் உணர்வு வந்தால் தொடரலாம், முழங்காலில் வலி வந்தால் அப்போதே நிறுத்த வேண்டும் என்ற ஒரு விதி, எல்லா ஊக்க உரைகளையும்விட அதிகம் காக்கும். மண்டியிட்டு அமரும் வஜ்ராசனத்துக்கும் எல்லை உண்டு. மணிக்கணக்கில் அதில் அமர்ந்த இளைஞருக்கு முழங்காலுக்கு வெளிப்புறம் ஓடும் நரம்பு நசுங்கி, பாதத்தைத் தூக்க முடியாமல் போனதை ஜோசப் சூசிட் 1971இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் பதிவு செய்தார்.

இதற்கு எழும் முதல் மறுப்பு தத்துவம் சார்ந்தது. யோகம் பேசுவது நாடி, சக்கரம் என்ற சூட்சும உடலை. கத்தியால் அறுத்துப் பார்க்கும் அறிவியலால் அதை அளக்க முடியாது என்பார்கள். இந்தக் கேள்வியை நம் நாட்டுத் துறவி ஒருவரே எதிர்கொண்டிருக்கிறார். ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி, இளம் வயதில் கங்கையில் மிதந்து வந்த பிணத்தை இழுத்து அறுத்து, தம்மிடமிருந்த யோக நூல்களின் வர்ணனையோடு ஒப்பிட்டுப் பார்த்ததையும், பொருந்தாததால் அந்நூல்களை ஆற்றில் எறிந்ததையும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். சக்கரம் தியானத்துக்கான வரைபடம் என்று கொண்டால் உடற்கூறுக்கு அதில் வழக்கு இல்லை. ஆனால் தைராய்டு என்றும் சிறுநீரகம் என்றும் சொன்ன கணமே பேச்சு ஸ்தூல உடலுக்கு வந்துவிட்டது. அங்கே உடற்கூறின் தீர்ப்பு செல்லும். மேற்கு நாட்டின் அளவுகோல் என்ற குற்றச்சாட்டும் நிலைக்காது. குவலயானந்தரின் கருவியும் சங்கர நேத்ராலயாவின் ஆய்வும் இங்கே பிறந்தவை.

இரண்டாவது மறுப்பு அனுபவம் சார்ந்தது; மதிக்க வேண்டியது. ஆசனம் செய்தேன், தைராய்டு அளவு சரியானது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. டி.எஸ்.எச். லேசாக உயர்ந்திருக்கும் ஆரம்ப நிலையில், எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அது தானாகவே இயல்புக்குத் திரும்புவது பலரிடம் நடக்கிறது. பலர் மாத்திரையும் சேர்த்தே எடுக்கிறார்கள். தூக்கம், எடை, பதற்றம் ஆகியவற்றில் பயிற்சி தரும் முன்னேற்றமும் உண்மை. அதைச் சுரப்பியின் கணக்கில் எழுதுவதுதான் பிழை. பலன் வந்தால் போதாதா, காரணம் எதுவாக இருந்தால் என்ன என்று இங்கே ஒரு கேள்வி வரும். காரணம் தெரிந்தால்தான் யாருக்கு எதைத் தர வேண்டும், யாருக்கு எதை விலக்க வேண்டும் என்று தெரியும். கீழ்முதுகு வலிக்கு யோகம் உதவுமா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு மதிப்பாய்வு, அமெரிக்கா, இந்தியா, பிரிட்டன் நாடுகளில் நடந்த 12 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மொத்தம் 1,080 பேர். எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களைவிட யோகம் செய்தவர்களின் அன்றாடச் செயல்திறன் சிறிதளவு முதல் ஓரளவு வரை மேம்பட்டது. மற்ற உடற்பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு உறுதிப்படவில்லை. முதுகு அசைகிறது, தசை வலுப்பெறுகிறது, வலியைப் பற்றிய அச்சம் குறைகிறது என்ற விளக்கத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

அந்த விளக்கத்தோடு வகுப்புக்குள் போனால் தேர்வுகள் மாறுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்த பெண்கள் நம் காலை நேர வகுப்புகளில் நிறைய இருக்கிறார்கள். செரிமானத்துக்கும் கணையத்துக்கும் நல்லது என்று அவர்களுக்குச் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் பச்சிமோத்தாசனம். முன்னால் குனியும்போது முள்ளெலும்பின் முன்விளிம்பில் சுமை குவிகிறது. மெலிந்த எலும்பு அந்த விளிம்பில்தான் ஆப்பு வடிவில் நசுங்கும். மேயோ கிளினிக்கில் சினாகி, மிக்கெல்சன் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு சிறியது, 59 பெண்கள்தான். முதுகெலும்பு மெலிந்த அவர்களில், முன்வளையும் பயிற்சிகளை மட்டும் செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்குப் புதிய நசுங்கல் காணப்பட்டது. முதுகை நிமிர்த்தும் பயிற்சிகளை மட்டும் செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்கே காணப்பட்டது. பயிற்சியே செய்யாதவர்களின் கணக்கு 67 சதவீதம். அதாவது தவறான ஆசனம் சும்மா இருப்பதைவிடவும் கெடுதல் செய்யக்கூடும், சரியான ஆசனம் நன்றாகவே காக்கக்கூடும். அப்படி எலும்பு மெலிந்த பெண்ணுக்குத் தேவை கைகளின் பலத்தில் ஏறாமல் முதுகுத் தசைகளே மார்பைத் தூக்கும் தாழ்ந்த புஜங்காசனம், சுவரைப் பிடித்து நிற்கும் விருட்சாசனம், குனிய நேரும்போது முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடியும் பழக்கம். பச்சிமோத்தாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் அவருடைய பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்; அவரை வகுப்பில் சேர்க்கும் முன் எலும்பு அடர்த்தியும் கண்ணழுத்தமும் பார்த்தாயிற்றா என்று ஆசிரியர் கேட்க வேண்டும்.